யாழ்ப்பாண உள்ளூராட்சி அரசியலில் கிறிஸ்தவ நம்பிக்கை என்ன செய்கிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: யாழ்ப்பாணத்தில் மாநகர சபை, பிரதேச சபை அரசியலில் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு எவ்வளவு செல்வாக்கு இருக்கிறது? கரையோர வட்டாரங்கள் பங்குத்தந்தை கைகாட்டுகிறவருக்குத்தான் வாக்களிக்கின்றனவா? ஒரு கிறிஸ்தவர் உறுப்பினராகவோ மாநகர முதல்வராகவோ வந்தால் அவருடைய விசுவாசம் சபையில் எதையாவது மாற்றுகிறதா?

என் பதிலின் சுருக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாக்கு வங்கி என்று எல்லாரும் பேசுகிற அளவுக்கு அது பெரிய விடயமே அல்ல. ஆனால் ஊரைக் கூட்டுவது, கணக்கு வைப்பது, பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பது என்ற பழக்கமாக அது ஆழமாக வேலை செய்கிறது. அந்தப் பழக்கம் தன் பங்கின், அதாவது தன் ஆலயச் சமூகத்தின், எல்லையைத் தாண்டுகிறதா என்பதுதான் இன்றைக்கு எனக்குள்ள கவலை. மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் கிறிஸ்தவர். அதில் பெரும்பகுதி கத்தோலிக்கர். மீதி தென்னிந்தியத் திருச்சபை, அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகள், பிறகு வந்த சுயாதீன சபைகள். இந்த ஆறில் ஒரு பங்கு மாவட்டம் முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால் உள்ளூராட்சியில் கிறிஸ்தவம் பற்றிப் பேச அதிகம் இருக்காது. அப்படிப் பரவவில்லை. குருநகர், பாசையூர், நாவாந்துறை, இளவாலை, மாதகல், சில்லாலை, ஊர்காவற்றுறை, நாரந்தனை, நெடுந்தீவு, வடமராட்சி கிழக்கில் மணற்காடு, செம்பியன்பற்று, தாளையடி என்று கத்தோலிக்கர் கடலோரமாகவும் தீவுகளிலும் செறிந்து வாழ்கிறார்கள். புரட்டஸ்தாந்தார் கதை வேறு. வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய், தெல்லிப்பழை, சுண்டுக்குளி என்று மிசன் பள்ளிக்கூடங்களைச் சுற்றி, சைவ அயலவர்களுக்கு நடுவில், சிறு சிறு குடும்பக் கூட்டங்களாக இருந்தார்கள். அவர்களில் பலர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். ஆகவே வட்டாரம் என்ற அலகில் பார்த்தால் கத்தோலிக்கருக்கு எண்ணிக்கை இருக்கிறது. புரட்டஸ்தாந்தாருக்கு எண்ணிக்கை இல்லை, வேறொரு மரபு இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் 'கிறிஸ்தவ வாக்கு' என்று பேசுகிறவர்கள் எங்கள் ஊரைச் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன்.

கத்தோலிக்கரின் அமைப்புப் பலம் எங்கிருந்து வந்தது என்று தெரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்தார்கள். ஊர்ப்பதவி வேண்டுமென்றால் புரட்டஸ்தாந்து ஞானஸ்நானம் வேண்டும் என்ற நிலை வந்தது. சைவரும் கத்தோலிக்கரும் பதவிக்காகப் பெயரளவில் ஞானஸ்நானம் பெற்று, வீட்டில் தங்கள் வழக்கப்படியே வழிபட்டார்கள். யாழ்ப்பாணத்தில் உள்ளூர் அதிகாரமும் கிறிஸ்தவ சமயமும் முதலில் இணைந்த விதம் இதுதான். அது நல்ல இணைப்பு அல்ல. மிசனரிகள் மேலும் மதம் மாறியவர்கள் மேலும் சைவ யாழ்ப்பாணத்துக்கு இன்றும் இருக்கும் சந்தேகத்தில் ஒரு பகுதி அந்தக் காலத்திலிருந்து வருகிறது. அந்தச் சந்தேகம் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே காலம் வேறொன்றையும் உண்டாக்கியது. குருமார் இல்லாத அந்த ஆண்டுகளில் மூப்பர், அண்ணாவி என்று அழைக்கப்பட்ட, குருவல்லாத ஊர்ப் பொறுப்பாளர்கள்தான் கத்தோலிக்க ஊர்களைக் காத்தார்கள். 1687இல் மாறுவேடத்தில் வந்த ஜோசப் வாஸ் அடிகளார் சில்லாலையைத் தளமாகக் கொண்டு இந்தப் பொதுநிலையினர் அமைப்பையே உறுதிப்படுத்தினார். செபம் சொல்லிக்கொடுக்க ஒருவர், ஊரைக் கூட்ட ஒருவர், பிணக்குத் தீர்க்க ஒருவர் என்று பொறுப்புப் பிரிந்தது. குருவானவர் வருசத்துக்கு ஒருமுறை வந்தாலும் வராவிட்டாலும் ஊர் இயங்கியது. இன்றைக்கு ஒரு கரையோரப் பங்கில் பெருநாள் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். கொடியேற்றம் தொடங்கி, நவநாள் ஒவ்வொன்றையும் எந்தப் பகுதி பொறுப்பெடுப்பது, சொரூப பவனிக்கு வீதி துப்புரவாக்குவது யார், மின்விளக்கு யார், வெளிநாட்டுக்காரர் அனுப்பிய காசுக்குக் கணக்கு எங்கே என்று நள்ளிரவு வரை பேசுவார்கள். சபை நடவடிக்கை என்பதன் பயிற்சி அங்கேயே கிடைத்துவிடுகிறது.

இதோடு சேர்ந்து நிற்கின்றன கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், விளையாட்டுக் கழகம், சனசமூக நிலையம். குருநகரில் பாடும்மீன், பாசையூரில் சென். அன்ரனிஸ், நாவாந்துறையில் சென். மேரிஸ், இளவாலையில் யங் ஹென்றிஸ். இந்தக் கழகங்களின் உதைபந்தாட்டத்தைத் தெரியாமல் அந்த ஊர்களின் அரசியலை விளங்கிக்கொள்ள முடியாது. ஒரே ஆள் பங்குப் பேரவையில் செயலாளராகவும், சங்கத்தில் பொருளாளராகவும், கழகத்தில் முன்னாள் அணித்தலைவராகவும் இருப்பார். கட்சிக்காரர் வேட்பாளர் தேடி ஊருக்கு வரும்போது அவரைத்தான் தேடிப் போவார்கள். அதாவது, கட்சிகள் தேடுவது ஊருக்கு முகம் தெரிந்த, நாலு கூட்டம் நடத்தத் தெரிந்த ஒருவரை. அவர் பக்திமானா என்று எவரும் கேட்பதில்லை. அந்த ஆளை உருவாக்கிய இடம் கோவில் வளவு, அவ்வளவுதான். பெண்களுக்கும் இது பொருந்தும். 2018இல் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு வந்தபோது எல்லாக் கட்சிகளும் பெண் வேட்பாளரைத் தேடி ஓடின. மரியாயின் சேனை என்ற பக்திச் சபையிலும் மாதர் சங்கத்திலும் பேசிப் பழகிய பெண்கள் இருந்த ஊர்களில் அந்தத் தேடல் அவ்வளவு கடினமாக இருந்திருக்காது.

போர்க்காலத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். 1983க்குப் பிறகு 1998 ஜனவரி வரை யாழ். மாநகர சபைக்குத் தேர்தலே நடக்கவில்லை. பதினைந்து வருசம் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இல்லாத நகரம். குழாய்க்கிணறு பழுதானாலும், இடம்பெயர்ந்தவருக்குக் கொட்டில் போட வேண்டுமென்றாலும், பிடிபட்ட பிள்ளையைத் தேட வேண்டுமென்றாலும் சனம் எங்கே போகும்? குருமனைக்குத்தான் போனது. 1993 நவம்பரில் குருநகர் யாகப்பர் ஆலயம் குண்டுவீச்சில் சிதைந்தது. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சமிருந்தவர்கள் மீது குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டி பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காணாமல் ஆக்கப்பட்டார். அந்த வருசங்களில் குருமார் சனத்தோடு நின்றார்கள், உயிரையும் கொடுத்தார்கள். அதனால் வந்த மரியாதை உண்மையானது. ஆனால் அந்தக் காலத்தில் பிறந்த ஒரு பழக்கமும் தங்கிவிட்டது: ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட வேண்டுமென்றாலும் முதலில் சுவாமியிடம், அதாவது பங்குத்தந்தையிடம், சொல்வது. சபை திரும்பி வந்த பிறகும் சில ஊர்களில் உறுப்பினரை விடச் சுவாமியின் கடிதத்துக்குத்தான் மதிப்பு. இது உறுப்பினருக்கும் நல்லதல்ல, சுவாமிக்கும் நல்லதல்ல.

சரி, அப்படியானால் சுவாமி சொல்கிறவருக்குத்தான் வாக்கா? என் கணிப்பில் இல்லை. திருச்சபைச் சட்டமே குருமார் அரச அதிகாரப் பதவி வகிப்பதைத் தடுக்கிறது (285ஆம் பிரிவு), கட்சி அரசியலில் முனைப்பான பங்கு எடுப்பதையும் பொதுவாகத் தடுக்கிறது (287ஆம் பிரிவு). நாட்டின் தேர்தல் சட்டத்திலும், ஆன்மீகத் தீங்கு வரும் என்று பயமுறுத்தி வாக்குக் கேட்பது 'தகாத செல்வாக்கு' என்ற குற்றத்துக்குள் வரும். இதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும், நடைமுறையைப் பாருங்கள். 1970 பொதுத்தேர்தலில் யாழ்ப்பாணத் தொகுதியில் தமிழரசுக் கட்சியின் சி. எக்ஸ். மார்ட்டினும், மாநகர முதல்வராகவும் இருந்த அல்பிரட் துரையப்பாவும் மோதினார்கள். மார்ட்டின் கத்தோலிக்கர். துரையப்பாவும் கிறிஸ்தவராக அறியப்பட்டவர். 56 வாக்கு வித்தியாசத்தில் மார்ட்டின் வென்றார். கிறிஸ்தவ வாக்கு ஒரே பெட்டியில் விழுகிற ஊராக இருந்தால் இப்படி ஒரு முடிவு வருமா?

அண்மைக் காலத்துக்கு வாருங்கள். 2018 மார்ச்சில் மாநகர முதல்வரைத் தெரிவுசெய்தபோது தமிழரசுக் கட்சி நிறுத்தியவர் இம்மானுவேல் ஆர்னோல்ட். ஈபிடிபி (ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி) நிறுத்தியவர் சட்டத்தரணி முடியப்பு றெமீடியஸ். இருவரும் கிறிஸ்தவர் என்பது பெயர்களைப் பார்த்தாலே விளங்கும். மூன்றாமவர் தமிழ்த் தேசிய மக்கள் முன்னணியின் வி. மணிவண்ணன். ஆர்னோல்ட் முதல்வரானார். 2020 டிசம்பரில் வரவு செலவுத் திட்டம் தோற்றுப் பதவி இழந்தார். அதன்பின் மணிவண்ணன் ஈபிடிபியின் ஆதரவோடு 21க்கு 20 என்று ஒரே ஒரு வாக்கால் முதல்வரானார். இந்த ஏற்ற இறக்கம் எதிலும் சமயம் கணக்கைத் தீர்மானிக்கவில்லை. கட்சிக்குள் இருந்த பிளவும், யார் யாரோடு சேர்வது என்ற பேரமும்தான் தீர்மானித்தன. 2025 ஜூனில் வி. மதிவதனி முதல்வராகத் தெரிவானபோதும் அதே கதைதான், கட்சிகளின் எண்ணிக்கைக் கணக்கு.

தொழில் வந்து சமயத்தைப் பிரிக்கிற இடமும் உண்டு. குருநகரில் இழுவைமடிப் படகு, அதாவது கடலடியை வாரி இழுக்கும் பெரிய வலைப் படகு, வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இழுவைமடியைத் தடைசெய்தது. அந்தத் தடையை அமுல்படுத்து என்று குரல் கொடுக்கிற சிறுதொழிலாளரும் பெரும்பாலும் கத்தோலிக்க ஊர்க்காரர்தான். ஒரே அந்தோனியார் முன்னால் மெழுகுதிரி ஏற்றுகிற இரண்டு பேர் கடலில் ஒருவர் வலையை மற்றவர் கிழித்ததாகப் பொலிசில் முறைப்பாடு செய்கிறார்கள். இதில் எந்த மேய்ப்பர் யாருக்குக் கைகாட்டுவது?

சாதியைத் தொடாமல் போனால் இந்தப் பதில் பாதிப் பொய்யாகிவிடும். ஆலயத்துக்குள்ளேயே தனித்தனி இருக்கை இருந்த வரலாறு எங்களுடையது. இன்றைக்கு இருக்கையில் பிரிவு இல்லை. ஆனால் எந்தப் பகுதிப் பெடியனுக்கு வேட்பாளர் இடம் கொடுப்பது என்ற பேச்சு வரும்போது பழைய கோடுகள் மெல்ல எழும்பி வரும். 'எல்லாரும் ஒரே பீடத்துப் பிள்ளைகள்' என்று மேடையில் சொல்கிறவர்கள் வேட்பாளர் பட்டியலிலும் அதைக் காட்ட வேண்டும்.

இப்போது புரட்டஸ்தாந்து மரபு. இதைப் பற்றி நம் இளைஞர்கள் குறைவாகவே அறிந்திருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1816இல் அமெரிக்க மிசன் யாழ்ப்பாணம் வந்தது. 1823இல் வட்டுக்கோட்டை செமினரி, அடுத்த ஆண்டு உடுவில் பெண்கள் பள்ளிக்கூடம், 1841இல் உதயதாரகை பத்திரிகை, 1848இல் மானிப்பாயில் மருத்துவர் கிறீனின் மருத்துவப் பணி. மதமாற்றம்தான் அவர்களின் நோக்கம். அதை மறைக்கத் தேவையில்லை. அதை எதிர்த்து ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். இரண்டு பக்கமும் போட்டி போட்டதில் லாபம் அடைந்தது ஊர். இந்தச் சூழலில் வளர்ந்த பிள்ளைகள்தான் 1924இல் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசைத் தொடங்கினார்கள். முதலில் அதற்கு மாணவர் காங்கிரஸ் என்று பெயர். ஹன்டி பேரின்பநாயகம் அதன் உயிர். யாழ்ப்பாணக் கல்லூரியின் பழைய மாணவர், கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்தவர். அவருடைய இயக்கம் கிறிஸ்தவ இயக்கம் அல்ல. சைவரும் கிறிஸ்தவரும் சேர்ந்து, சாதி ஒழிய வேண்டும், எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும், தாய்மொழியில் படிக்க வேண்டும், நாடு முழுச் சுதந்திரம் பெற வேண்டும் என்று பேசினார்கள். 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தார்கள். 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்தார்கள். அந்தப் புறக்கணிப்பு சரியா பிழையா என்று இன்னும் வாதம் நடக்கிறது. என்னைப் பொறுத்தவரை அவர்கள் விட்டுப்போன பெரிய சொத்து, சமய அடையாளத்தை வாசலில் விட்டுவிட்டுப் பொதுக்காரியத்துக்கு உள்ளே வருவது என்ற ஒழுக்கம். விசுவாசத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அந்த விசுவாசம் தந்த துணிவை எல்லாருக்குமாகச் செலவழித்தார்கள்.

இதற்குக் கல்லில் நிற்கிற சாட்சி யாழ். பொது நூலகம். 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சிறு வாசகசாலை நகரத்தின் கைக்கு வந்தது. 1949இல் மாநகர சபை உருவானது. முதல் முதல்வர் சாம் சபாபதியின் முயற்சிக்குப் பக்கத்தில் நின்றவர் புனித பத்திரிசியார் கல்லூரி அதிபராக இருந்த அயர்லாந்துக் குரு லோங் அடிகளார். களியாட்ட விழாக்கள் நடத்திப் பணம் சேர்த்தார்கள். சென்னையிலிருந்து நரசிம்மன் வந்து கட்டடத்துக்கு வரைபடம் போட்டார். 1954இல் அடிக்கல் வைத்தார்கள், 1959இல் முதல்வர் துரையப்பா திறந்துவைத்தார். முகப்பில் சரஸ்வதி சிலை. அதே வளவில் லோங் அடிகளாருக்கும் சிலை. ஒரு கத்தோலிக்கக் குரு பாடுபட்ட கட்டடத்தின் வாசலில் சரஸ்வதி இருப்பது அவருக்கு இடைஞ்சலாக இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 1981இல் அந்த நூலகம் எரிந்தபோது, அதைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்விட்டவர் தாவீது அடிகளார், பன்மொழிப் புலவரான இன்னொரு கத்தோலிக்கக் குரு. உள்ளூராட்சியில் கிறிஸ்தவ நம்பிக்கை செய்த நல்ல காரியம் எது என்று யாராவது என்னைக் கேட்டால் நான் காட்டுவது இந்த நூலகத்தைத்தான். அதில் கிறிஸ்தவருக்கென்று தனியாக ஒரு அலுமாரிகூடக் கேட்கப்படவில்லை.

துரையப்பாவைப் பற்றி இன்னும் ஒன்று. 1975 ஜூலை 27ஆம் திகதி அவர் சுடப்பட்டது பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோவில் வாசலில், வழிபடப் போன இடத்தில். அவருடைய அரசியலை ஏற்காதவர்களும் இருக்கலாம், அந்தக் கொலை எங்கள் அரசியலை எங்கே கொண்டுபோனது என்பது தனிக் கதை. நான் சொல்ல வருவது, அல்பிரட் என்ற பெயரோடு பெருமாள் கோவிலுக்குப் போன ஒரு முதல்வரை யாழ்ப்பாணம் வியந்து பார்க்கவில்லை என்பது. சைவக்காரர் மடு மாதாவுக்கு நேர்த்தி வைப்பதும், வேதக்காரர் (கிறிஸ்தவர்) நல்லூர்த் திருவிழாவில் கச்சான் வாங்கிக்கொண்டு நடப்பதும் இங்கே சாதாரணம். நல்லூர்த் திருவிழாவுக்கு வீதி மூடுவது, கடை ஏலம் விடுவது, தண்ணீர், துப்புரவு எல்லாம் மாநகர சபையின் வேலை. முதல்வர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் அந்த இருபத்தைந்து நாளும் அவருக்கு நித்திரை இருக்காது.

தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வாவின் உதாரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் கிறிஸ்தவர். அவர் நின்ற காங்கேசன்துறைத் தொகுதியில் மாவிட்டபுரமும் கீரிமலையும் இருக்கின்றன. ஒரு கிறிஸ்தவருக்குச் சைவர் வாக்களிக்கலாமா என்ற பிரசாரம் அவருக்கு எதிராக நடந்தது. 1952இல் தோற்றார். 1956இல் அதே சனம் அவரை அனுப்பியது. பிறகு அந்தத் தொகுதி அவரைத் தோற்கடிக்கவே இல்லை. 1977இல் அவர் இறந்தபோது உடல் முற்றவெளியில் தகனம் செய்யப்பட்டது. சைவத் தொகுதி ஒன்று தன் கிறிஸ்தவப் பிரதிநிதிக்குக் கொடுத்த இடம் அது.

அதே பிரசாரம் இன்று திரும்பவும் வந்திருக்கிறது. 2016இல் சிவசேனை என்ற இந்து அமைப்பு தொடங்கியபின் மதமாற்றம், பசுவதை, சிலைகள், வளைவுகள் என்று ஒவ்வொன்றும் அரசியலாகிறது. பசுவதை என்றால் உள்ளூராட்சியில் அது கொல்களத்துக்கான அனுமதி. வளைவு என்றால் வீதிக்குக் குறுக்கே கட்ட யார் அனுமதி கொடுப்பது என்ற கேள்வி. 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல் நாள், மன்னாரில் திருக்கேதீச்சரம் சிவன் கோவிலின் வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி எறிந்தார்கள். அது வெட்கக்கேடான செயல், சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். பெரும்பான்மையாக இருக்கும் இடத்தில் கிறிஸ்தவரும் அப்படி நடப்பார்கள் என்பதை அது காட்டியது. யாழ்ப்பாணத்துச் சைவர் அதை மறக்கவில்லை, மறக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை. மெதடிஸ்த சபையில் பொறுப்பு வகித்த, தமிழரசுக் கட்சியின் எம். ஏ. சுமந்திரனுக்கு எதிராக அவருடைய அரசியலை விட்டுவிட்டு அவருடைய சமயத்தை எடுக்கிறவர்களையும், 'எங்கட ஆள்' என்ற ஒரே காரணத்துக்காக ஆலய வாசலில் துண்டுப்பிரசுரம் கொடுக்கிறவர்களையும் நான் ஒரே தட்டில்தான் வைக்கிறேன்.

முதலில் கவலை என்று சொன்ன இடத்துக்கு இப்போது வருகிறேன். போருக்குப் பிறகு மீள்குடியேறிய ஊர்களிலும் வறிய குடியிருப்புகளிலும் சிறு சிறு சுயாதீன சபைகள் வந்தன. வாடகை வீட்டில், தகரக் கொட்டிலில் ஆராதனை. அயலவர் சத்தம் என்று முறையிடுவார்கள். சிலவேளை அது நியாயமான முறைப்பாடு, ஒலிபெருக்கியைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் பலவேளை பிரச்சினை சத்தம் அல்ல, அவர்கள் அங்கே இருப்பதே. உடனே விடயம் பிரதேச சபைக்கு வரும்: கட்டட அனுமதி இருக்கிறதா? 2008 ஒக்டோபரில் சமய விவகார அமைச்சு, புதிய வணக்கத்தலம் கட்ட அமைச்சின் அனுமதி வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை விட்டது. அது சட்டம் அல்ல, சுற்றறிக்கை. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, சமயச் சுதந்திரத்தையும், 14ஆவது உறுப்புரை வழிபடும் உரிமையையும் தருகிறது. ஆனாலும் நாடெங்கும் உள்ளூர் அதிகாரிகள் அந்தச் சுற்றறிக்கையைக் காட்டிச் சிறு சபைகளை மூடச் சொன்னார்கள்.

இந்த இடத்தில் பழைய திருச்சபைகளைச் சேர்ந்த உறுப்பினர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. ஏனென்றால் எங்களுக்கும் அந்தச் சபைகள் மேல் கோபம் இருக்கிறது. எங்கள் பங்கிலிருந்தும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனவர்கள்தானே என்று. 'அல்லேலூயாக்காரர்' என்று ஏளனமாகச் சொல்கிற வாய் எங்களுடையதும்தான். 1658க்குப் பிறகு ஓலைக்கொட்டிலில் ஒளிந்து செபம் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள், இன்னொருவரின் தகரக் கொட்டிலை மூடச் சொல்லும்போது பேசாமல் இருப்பது எனக்கு நெஞ்சில் குத்துகிறது. அதேபோல, கத்தோலிக்கர் பெரும்பான்மையாக இருக்கும் ஊரில் நாலு சைவக் குடும்பம் வைரவர் கோவிலுக்கு மதில் கட்ட அனுமதி கேட்டால் அந்த விண்ணப்பம் எத்தனை மாதம் மேசையில் கிடக்கிறது? முஸ்லிம்கள் 1990இல் துரத்தப்பட்ட இந்த நகரத்தில், திரும்பி வந்தவர்களின் வீட்டு அனுமதியும் வடிகாலும் எந்த வேகத்தில் நகர்கின்றன? நாவாந்துறை உறுப்பினருக்கு அவர்கள் பக்கத்து ஒழுங்கைக்காரர். கிறிஸ்தவ உறுப்பினரின் விசுவாசத்தை நான் பார்ப்பது இந்தக் கோப்புகளில்தான். பெருநாள் திருப்பலியில் முதல் வாங்கில் அவர் இருப்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

உள்ளூராட்சிக்கு அதிகாரம் குறைவு என்பது உண்மைதான். காணி இல்லை, பொலிஸ் இல்லை, பெரிய காசு இல்லை. மாவட்டத்தின் 17 சபைகளில் பலவற்றுக்குச் சம்பளம் போக மிஞ்சுவது கொஞ்சம். ஆனால் ஒருவர் தன் சமயத்தவர் அல்லாதவரை எப்படி நடத்துகிறார் என்று பார்க்கப் பெரிய அதிகாரம் தேவையில்லை. கிறிஸ்தவரின் சேமக்காலைக்கு மதில், மயானத்துக்குக் கொட்டகை, தெருவிளக்கு, வாய்க்கால், கட்டட அனுமதி. இவை போதும்.

கேட்டவர் வாக்காளர் என்றால் ஒரு வழி சொல்கிறேன். உங்கள் வட்டாரத்து உறுப்பினர் எந்தக் கோவிலுக்குப் போகிறார் என்று விசாரிப்பதை விட்டுவிட்டு, 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் சபைக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். எளிய படிவம்தான், சபையின் தகவல் அலுவலரிடம் கொடுக்கலாம். கடந்த இரண்டு வருசத்தில் வணக்கத்தலங்களுக்கும் மயானங்களுக்கும் வந்த அனுமதி விண்ணப்பங்கள் எத்தனை, எது எவ்வளவு காலத்தில் முடிவானது, எது நிராகரிக்கப்பட்டது, அந்தக் கூட்டத்தின் அறிக்கையில் உங்கள் உறுப்பினர் என்ன பேசினார் என்று கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும்.